யோகசாலை ஒழுக்கம்



யோகம் கற்பிக்கப்பட்ட வரலாற்றைச் சொல்லும் மிகப் பழைய கதைகளுள் ஒன்று, ஆசிரியர் வீட்டில் இல்லாத நேரத்தில் தொடங்குகிறது. கடோபநிடதம் கூறும் கதை அது. பால் வற்றிய கிழப் பசுக்களை வேள்வியில் தானமாகக் கொடுக்கும் தந்தையைக் கண்டு மனம் பொறாத சிறுவன் நசிகேதன், தன்னை யாருக்குத் தானமாகக் கொடுக்கப் போகிறார் என்று அவரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். சினமுற்ற தந்தை, யமனுக்கே கொடுத்ததாகச் சொல்லிவிடுகிறார். சிறுவன் யமனுடைய இல்லம் சென்று சேர்கிறான். யமனோ வெளியே போயிருக்கிறான். மூன்று இரவுகள் உணவின்றிச் சிறுவன் அங்கேயே காத்திருக்கிறான்.

திரும்பி வந்த யமன் செய்த முதற் காரியம் யாது? காத்திருந்த சிறுவனை வணங்குகிறான். விருந்தினனைப் பட்டினியாக இருக்க விட்ட குற்றம் தன்னைச் சேராதிருக்க வேண்டுமென விழைகிறான். ஓர் இரவுக்கு ஒரு வரமாக மூன்று வரங்கள் தருகிறான். அவற்றுள் மூன்றாவது வரத்தின் பயனாகவே ஆன்ம விளக்கமும், புலன்களை அசையாது நிறுத்துவதே யோகம் என்னும் கருத்தும் நமக்குக் கிடைத்தன. உயிர் கவரும் தெய்வமே ஒரு மாணவனைக் காக்க வைத்தமைக்காக ஈடு செய்ததென்றால், யோகப் பயிற்சிக்கும் நல்லொழுக்கத்துக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று என்பது விளங்கும்.

இக்காலத்தில் யோகப் பயிற்சி வகுப்பு இல்லாத நகரம் அரிது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், 177 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்று, ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை ஜூன் 21-ஆம் நாளை உலக யோக நாளாக அறிவித்தது. மறு ஆண்டு அதே நாளில் தில்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒருங்கே அமர்ந்து ஆசனம் பயின்றனர். அவர்களுள் 84 நாட்டினர் இருந்தனர். அன்று முதல் அலுவலக மாடியிலும், குடியிருப்புப் பூங்காவிலும், பள்ளி மைதானத்திலும் வகுப்புகள் பெருகியுள்ளன. எங்கும் ஓர் அறிவிப்புப் பலகை தொங்குகிறது: நேரத்துக்கு முன் வருக, செருப்பை வெளியே விடுக, வெறும் வயிற்றோடு வருக, கைப்பேசியை நிறுத்தி வைக்க, பேசற்க.

மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் எனக்கு, இத்தகைய விதிகளைத் தமிழாக்கும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. தலைப்பிலேயே தடுமாறினேன். ‘நடத்தை விதிகள்’ என்று எழுதினால் பணியாளர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது போல் ஒலித்தது. ‘மரியாதை’ என்றால் ஆசிரியருக்கு மட்டும் உரியதாகத் தோன்றியது. இறுதியில் ‘ஒழுகலாறு’ என்னும் சொல்லை நாடினேன். ஒழுகுதல் என்பது நீர் இடையறாது ஓடுவதையும் குறிக்கும்; மனிதன் நடந்துகொள்ளும் முறையையும் குறிக்கும். எப்போதோ ஒருநாள் காட்டும் பணிவன்று, தடையின்றி ஓடும் நடையே ஒழுக்கம் என்று நம் மொழியே சொல்லி வைத்திருக்கிறது. அச்சொல்லைக் கண்டபின், இவ்விதிகள் எங்கிருந்து ஒழுகி வந்தன என்று அறிய ஆவல் பிறந்தது. அந்தத் தேட்டத்தின் பயனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இவ்விதிகள் மேலைநாட்டு உடற்பயிற்சிக் கூடங்களிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்பர் சிலர். முனிவர்கள் வகுத்த மாற்ற முடியாத ஆணை என்பர் வேறு சிலர். வரலாற்றை நோக்கின் இரண்டும் முழு உண்மையல்ல என்பது புலப்படும். ஒருவன் தனித்துப் பயில்வதற்கென வகுக்கப்பட்ட பழைய நோன்புகள், பலர் ஒருங்கே பயிலும் கூடம் தோன்றியபோது பிறர்பால் காட்டும் பரிவாக உருமாறின. அந்த மாற்றத்தின் கதையே இவ்விதிகளின் கதையாகும்.

முதலில் பழைய நிலையைப் பார்ப்போம்.

பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் எட்டு உறுப்புகளைக் கூறுகிறது. ஆசனம் அவற்றுள் மூன்றாவது. அதற்கு முன் நிற்பவை யமமும் நியமமும். ஊறு செய்யாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், தேவைக்குமேல் பற்றிக்கொள்ளாமை ஆகிய ஐந்தும் யமம். தூய்மை, உள்ளது கொண்டு நிறைவு, தவம், கற்றல், இறைவனிடம் ஒப்படைத்தல் ஆகிய ஐந்தும் நியமம். ஆசனத்தைப் பற்றியோ, அது உறுதியாகவும் இன்பமாகவும் இருத்தல் வேண்டும் என்ற அளவில் சுருக்கமாகவே நூல் பேசுகிறது. உடலை வளைப்பதற்கு முன் பிறரோடு பழகும் முறையைத் திருத்திக்கொள் என்பதே இவ்வரிசையின் பொருள் எனக் கொள்ளலாம். யமம் என்னும் நோன்புக்கும், நசிகேதனுக்குப் பாடம் சொன்ன தெய்வத்துக்கும் ஒரே பெயர் அமைந்தமையும் கருதத்தக்கது; நோன்பின் பெயருக்கு அடக்குதல் என்பதே அடிப்படைப் பொருள்.

தமிழில் திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டு உறுப்புகளையும் விரித்துரைக்கிறார். அவர் கூறும் இயமத்தில், கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை ஆகியவற்றோடு நடுவுநிலைமையும், உள்ளதைப் பங்கிட்டு உண்ணுதலும் சேர்ந்துள்ளன. உண்பதைப் பகுத்துக்கொள்ள ஒருவன் இருந்தாலன்றி அந்நோன்பை நோற்க முடியாது. யோகியைப் பற்றிய இலக்கணத்திலேயே அயலானுக்கும் ஓர் இடம் விட்டு வைத்தார் திருமூலர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

எனினும், பழைய நூல்கள் காட்டும் பயிற்சி இடம் பெரும்பாலும் தனி இடமே. பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம், தூய இடத்தில், மிக உயரமோ மிகத் தாழ்வோ இன்றி, தருப்பை, தோல், துணி ஆகியவற்றால் தனக்கென ஓர் இருக்கை அமைத்து, தனித்திருந்து பயிலுமாறு கூறுகிறது. 15-ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் சுவாத்மாராமரின் ஹடயோகப் பிரதீபிகை பயிற்சிக் குடிலை வரைந்தே காட்டுகிறது. நல்லாட்சி நிலவும் நாட்டில், பிச்சை எளிதில் கிடைக்கும் ஊரில், இடையூறு இல்லாத இடத்தில் அக்குடில் இருத்தல் வேண்டும், வாயில் சிறிதாயிருத்தல் வேண்டும், சாளரம் கூடாது, தரை மேடுபள்ளம் இன்றிச் சாணத்தால் மெழுகப்பட்டு, பூச்சி புழு இல்லாதிருத்தல் வேண்டும், வெளியே ஒரு பந்தலும், கிணறும், சுற்றுச் சுவரும் இருத்தல் வேண்டும். இப்பயிற்சியை மறைவாக வைத்துக் காக்க வேண்டும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

யோகத்தைக் கெடுப்பவை ஆறு என அதே நூல் எண்ணுகிறது: மிகுதியாக உண்ணுதல், மிகுதியாக உழைத்துக் களைத்தல், வீண் பேச்சு, விதிகளை இறுகப் பற்றுதல், மக்கட் கூட்டம், நிலையற்ற மனம். வயிற்றில் நான்கில் ஒரு பங்கை வெறுமையாக விட்டு உண்ண வேண்டும் என்பதும் அதன் கட்டளை. இன்றைய அறிவிப்புப் பலகையில் காணும் வெறும் வயிறும், மௌனமும், தூய்மையும் ஏற்கெனவே அங்கு இருக்கின்றன. ஆனால் காரணம் வேறு. அங்கே பேசாதிருப்பது தன் ஆற்றலைக் காத்துக்கொள்வதற்காக. பக்கத்தில் வேறு எவரும் இல்லை. கூட்டமே அங்கு ஓர் இடையூறு.

ஆசிரியரை அணுகும் முறைக்கும் பழைய நூல்கள் சான்று தருகின்றன. சமித்தைக் கையிலேந்திச் சென்று ஆசிரியரை வணங்குதல் உபநிடத கால வழக்கம். பிரசினோபநிடதத்தில் ஆறு பேர் அவ்வாறே பிப்பலாத முனிவரை அணுகுகின்றனர். தவமும் நம்பிக்கையும் உடையோராய் மேலும் ஓர் ஆண்டு தங்கியிருந்து, பிறகு விரும்பியதைக் கேட்கலாம் என்கிறார் முனிவர். அதோடு நிறுத்தினாரில்லை, தமக்குத் தெரிந்திருந்தால் சொல்வதாகவும் கூறினார். ஓராண்டு காக்க வைக்கும் உரிமை பெற்ற ஆசிரியர், தமக்கும் தெரியாதது இருக்கலாம் என்பதை ஒளிக்கவில்லை. மாணவனின் பொறுமையும் ஆசிரியரின் பணிவும் அங்கே ஒரு தராசின் இரு தட்டுகளாக நிற்கின்றன.

இந்தச் சிறு வாயில் குடில், எவ்வாறு நூறு பேர் அமரும் கூடமாயிற்று?

அதற்கு 20-ஆம் நூற்றாண்டுக்கு வரவேண்டும். நருமதைக் கரையிலுள்ள மால்சர் என்னும் ஊரில் வாழ்ந்த பரமஹம்ச மாதவதாசர் என்னும் துறவியிடம் பயின்ற இருவர் இம்மாற்றத்துக்கு வித்திட்டனர். ஒருவர் ஸ்ரீ யோகேந்திரர். அவர் துறவு பூணாமல் இல்லறத்தில் நின்று, 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் பம்பாய் வெர்சோவாவில் யோகக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். உத்தியோகம் பார்ப்போர்க்கும் குடும்பத்தினர்க்கும் அங்கே கதவு திறந்தது. அவருடைய துணைவியார் சீதாதேவி அம்மையார் 1934-இல் பெண்களுக்கான யோகப் பயிற்சி குறித்துத் தனி நூலே எழுதினார். மற்றொருவர் சுவாமி குவலயானந்தர். 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனமும் பிராணாயாமமும் உடலில் விளைக்கும் மாறுதல்களைச் சோதனைக் கருவிகளால் அளந்தார். பலர் ஒருங்கே, ஒரே கட்டளைக்குப் பயிலும் கூட்டு முறைப் பயிற்சியை 1930-களில் அவர் வகுத்தளித்தார்.

அதே காலத்தில் மைசூரில், மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவோடு, ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை நடைபெற்றது. அதன் ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாசாரியார். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து, 1989-இல் நூறு வயது கடந்து மறைந்த பெருமகனார் அவர். அரண்மனைச் சார்புடைய சிறுவர்கள் பலர் அங்கே பயின்றனர். கண்டிப்புக்குப் பெயர் பெற்ற ஆசிரியர் அவர் என்பதை, அவரிடம் பயின்றவரும் அவருடைய மனைவியாரின் உடன்பிறந்தவருமான பி. கே. எஸ். ஐயங்கார் பிற்காலத்தில் பலமுறை குறிப்பிட்டுள்ளார்.

1937-இல் ஐயங்கார் புனே நகருக்கு யோகம் கற்பிக்க அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 18. மராத்தி மொழி தெரியாது. எதிரே அமர்ந்தவர்களோ அவரைவிட வயதிலும் படிப்பிலும் மூத்தவர்கள். ஏறத்தாழ அக்காலத்திலேயே, ரஷ்யப் பேரரசில் பிறந்த இந்திரா தேவி என்னும் பெண்மணி மைசூர் யோகசாலையின் கதவைத் தட்டினார். பெண், அதிலும் அயல்நாட்டவர் என்று ஆசிரியர் முதலில் மறுத்தார். மன்னரின் பரிந்துரைக்குப் பின்னரே ஏற்றார். உணவிலும் நேரத்திலும் விதித்த கட்டுப்பாடுகள் அனைத்தையும் அவர் பிசகாமல் ஏற்று நடந்தார். அவர் கலைந்து போகும் நேரம் வந்தபோது, சென்று கற்பிக்குமாறு கூறியவரும் அதே ஆசிரியரே. அவ்வம்மையார் பின்னர் ஷாங்காயிலும், அதன்பின் அமெரிக்காவின் ஹாலிவுட்டிலும் யோகம் கற்பித்தார்.

வடக்கே இமயத்தின் அடியில் ரிஷிகேசத்தில் 1936-இல் தெய்விக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர், நம் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்தவர். பத்தமடை என்றதும் கோரைப் பாய் நினைவுக்கு வருதல் இயல்பு. பட்டுப்போல் மெல்லிய பாய்க்குப் பெயர் பெற்ற ஊரிலே, பல நாட்டாரையும் பாய் விரித்து அமரச் செய்தவர் பிறந்தது பொருத்தமான நிகழ்ச்சியே.

இங்ஙனம் 20, 30 ஆண்டுகளுக்குள் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. சாளரமற்ற குடிலில் ஒருவன் இருந்த இடத்தில், சாளரங்கள் திறந்த கூடத்தில் பலர் வந்து அமர்ந்தனர். கடிகாரம் வந்தது. கட்டணம் வந்தது. ஆணும் பெண்ணும், இளையோரும் முதியோரும், பல சமயத்தாரும் பல மொழியினரும் முன்பின் அறியாதவர்களாய் அருகருகே விரிப்பை இட்டனர். எந்த மக்கட் கூட்டத்தை இடையூறென்று பழைய நூல் விலக்கியதோ, அந்தக் கூட்டமே பயிற்சியின் களமாயிற்று. பழைய நோன்புகள் மறையவில்லை. ஆனால் அவற்றுக்குப் புதிய பொருள் வேண்டியிருந்தது. அப்பொருளைத்தான் இன்றைய அறிவிப்புப் பலகைகள் எழுத்துக்கூட்டிச் சொல்கின்றன.

ஒவ்வொன்றாகக் காண்போம்.

நேரத்துக்கு முன் வருதல் முதல் விதி. பயிற்சி தொடங்கியபின் நுழைகிறவர், அமைதியடைந்த முப்பது மனங்களை மீண்டும் வாயிற்பக்கம் திருப்புகிறார். பிறருடைய பொருளைக் கவர்வது மட்டும் களவன்று. பிறருடைய நேரத்தையும் கவனத்தையும் எடுத்துக்கொள்வதும் ஒருவகைக் களவே. கள்ளாமை என்னும் நோன்பு கூடத்தில் இந்த உருவம் பெறுகிறது. தவிர்க்க இயலாமல் காலந்தாழ்ந்துவிட்டால், தொடக்க அமைதி முடியும்வரை வெளியே நின்று, பின்வரிசையில் ஓசையின்றி அமர்வதே முறை.

வெறும் வயிறு அடுத்தது. உணவு செரிக்கும் முன் உடலை மடக்குவதும் தலைகீழாக நிற்பதும் குமட்டலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். பேருணவு கொண்டபின் சில மணி நேரம் கழித்தே பயில வேண்டும் என ஆசிரியர்கள் கூறுவது அதனாலேயே. மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொது யோகப் பயிற்சி முறையும், வெறும் வயிற்றிலோ சிறிதளவு உணவு கொண்டோ பயிலவும், பயிற்சி முடிந்து 20 முதல் 30 நிமிடங்களுக்குப் பின் குளிக்கவும் உண்ணவும் கூறுகிறது. இது தன்னலம். குடலைக் காலி செய்து, உடலைத் தூய்மை செய்து, வெளுத்த ஆடை உடுத்தி வருவதோ அயலார் நலமும் ஆகும். ஆழ்ந்து மூச்சிழுக்கும் இடத்தில் ஒருவருடைய வியர்வை நாற்றமும், அவர் அள்ளித் தெளித்துக்கொண்ட அத்தரின் நெடியும் மற்றவருக்கு ஒரே வகைத் தொல்லைதான். தூய்மை என்னும் நியமம் இங்கே அண்டை வீட்டுக்காரனையும் கருதுகிறது.

மூன்றாவது விரிப்பு. கீதை சொன்ன தருப்பையும் தோலும் போய், கம்பளமும் பாயும் வந்து, இக்காலத்தில் வழுக்காத இரப்பர் விரிப்புகள் வந்துள்ளன. எதுவாயினும் அது ஒருவர் நெற்றி தொடும் இடம். அடுத்தவர் விரிப்பின்மேல் கால் வைத்துக் கடத்தல் தகாது. பொது விரிப்பைப் பயன்படுத்தினால் துடைத்துச் சுருட்டி உரிய இடத்தில் வைத்தல் வேண்டும். கூடம் நிறைந்துவிட்டபோது, கேட்காமலே தம் விரிப்பைச் சற்று நகர்த்தி இடந்தருகிறவர், திருமூலர் கூறிய பகுத்துண்ணும் நோன்பை நோற்கிறார். முன் வரிசையில் தமக்கென நிரந்தர இடம் பிடித்து, புதியவரை முறைத்துப் பார்க்கிறவரோ, தேவைக்குமேல் பற்றிக்கொள்ளாமை என்னும் பாடத்தை இன்னும் கற்கவில்லை.

நான்காவது கண்ணும் நாவும். அடுத்தவர் காலைத் தொட்டுவிட்டார், நம் விரல்கள் முழங்காலோடு நின்றுவிட்டன என்று ஒப்பிட்டு நோக்குவதால் பொறாமையோ வீம்போ வளரும். வீம்பினால் தசை பிசகும். தம்மால் இயலாதவரைக் கண்டு நகைப்பது அதனினும் தீது. நாவைப் பொறுத்தவரை மௌனத்துக்கு ஒரு விலக்கு உண்டு. இரத்த அழுத்தம், முதுகெலும்புத் தேய்வு, அண்மையில் செய்துகொண்ட அறுவை, கருவுற்றிருத்தல் முதலியவற்றை வகுப்பு தொடங்கும் முன் ஆசிரியரிடம் சொல்லியே ஆக வேண்டும். அங்கே கூச்சத்தால் மௌனம் காப்பது பணிவாகாது. வாய்மை என்னும் நோன்புக்கு அதுவே இடம்.

இறுதியாகச் சவாசனம். பிணம்போல் மல்லாந்து கிடந்து களைப்பை நீக்கும் இந்நிலையை ஹடயோகப் பிரதீபிகையும் கூறுகிறது. வகுப்பில் மிகுதியாக அவமதிக்கப்படுவதும் இதுவே. அலுவலகத்துக்கு நேரமாயிற்றென்று விரிப்பைச் சுருட்டுவோரும், சாவிக்கொத்தைக் குலுக்குவோரும் அப்போதுதான் எழுகின்றனர். போக வேண்டியவர் சவாசனம் தொடங்கும் முன்பே போய்விடுதல் நன்று. எஞ்சியோர் ஐந்து நிமிடமேனும் இறந்தவர்போல் இருக்கட்டும்!

இவற்றையெல்லாம் இத்துணை உறுதியாகச் சொல்லும் நான் இவற்றைப் பிழையின்றிக் கடைப்பிடித்தவன் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் ஒரு குடியிருப்பின் பொதுக் கூடத்தில் நடந்த காலை வகுப்பில் நான் சேர்ந்திருந்தேன். பனிக்காலத்தில் ஒருநாள் பதினைந்து நிமிடம் பிந்திச் சென்றேன். என் வழக்கமான இடம் மூன்றாம் வரிசையில் சுவரோரம். அங்கேதான் அமர வேண்டும் என்னும் பிடிவாதத்தில், தோளில் தொங்கிய அலுவலகப் பையோடு வரிசைக்கிடையே புகுந்தேன். எல்லோரும் விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நின்றிருந்தனர். பை ஒரு முதிய அம்மையாரின் தோளில் இடித்தது. அவர் நிலைகுலைந்து கையூன்றி விழுந்தார். மணிக்கட்டு பிசகி, மூன்று வாரம் அவர் வரவில்லை.

அந்த மூன்று வாரமும் ஊறு செய்யாமை என்னும் சொல் என்னை விடவில்லை. எத்தனையோ உரைகளிலும் அறிக்கைகளிலும் அகிம்சை என்னும் சொல்லைத் தமிழில் பெயர்த்தவன் நான். போரும் கொலையும் இல்லாமையே அதன் பொருள் என்று கருதியிருந்தேன். ஒரு காலைப் பொழுதில், ஒரு தோட்பையால் அதை மீற முடியும் என்று அறிந்திருக்கவில்லை. அம்மையார் திரும்பி வந்த அன்று வாயிலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். மயிலாடுதுறைப் பக்கத்தவர் அவர். “பரவாயில்லை, தம்பி. நாளைக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிடுங்கள். என் பக்கத்திலேயே உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன்” என்றார். விதிகள் எதற்காக என்பதை அறிவிப்புப் பலகையைவிட அந்தச் சொற்கள் எனக்குத் தெளிவாக உணர்த்தின.

நிற்க. ஒழுக்கம் மாணவருக்கு மட்டும் உரியதென்று இதுகாறும் சொன்னதிலிருந்து எவரும் முடிவு கட்டிவிடலாகாது. ஆசிரியரும் நேரத்துக்கு வர வேண்டும். வகுப்பில் கைப்பேசியைத் தொடலாகாது. மாணவனின் இயலாமையைப் பிறர் முன் எடுத்துக்காட்டி நாணச் செய்யலாகாது. இவை அனைத்திலும் முதன்மையானது தொடுதல் பற்றியது. ஆசனத்தைத் திருத்துவதற்காக ஆசிரியர் மாணவரின் உடலைத் தொடுவது கூடம் தோன்றிய காலந்தொட்டு வழங்கி வருகிறது. முன்னாளில் அதற்கு அனுமதி கேட்கும் வழக்கம் இருந்ததில்லை. குரு பக்தியே போதிய அனுமதி எனக் கருதப்பட்டது. அந்நம்பிக்கையைச் சிலர் தவறாகப் பயன்படுத்தினர் என்பதைக் கடந்த சில பத்தாண்டுகளில் பல நாட்டு மாணவியர் துணிந்து வெளிப்படுத்தியுள்ளனர். புகழ்பெற்ற பெயர்களும் அதில் அடிபட்டன. அதன் பயனாக, தொடுமுன் கேட்பதும், வேண்டாமென்றால் சொல்லாலே திருத்துவதும் இன்று பல இடங்களில் விதியாகியுள்ளன.

இதனைக் குருவுக்குச் செய்யும் அவமரியாதை என்று வருந்துவோர் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடோபநிடதத்தைத் தொடங்கும்போது ஓதும் சாந்தி மந்திரம், ஆசிரியர், மாணவர் இருவருக்கும் சேர்த்தே காப்பு வேண்டுகிறது. இருவருக்கிடையே பகை விளையாதிருக்க வேண்டுமென விழைகிறது. மாணவன் குருவுக்கு அஞ்ச வேண்டும் என்று அது கேட்கவில்லை. தொடலாமா என்று கேட்கும் ஆசிரியர் அம்மந்திரத்தின் பொருளை நன்கறிந்தவர். வேண்டாம் என்று சொல்லும் மாணவி, பணிவில் குறைந்தவள் ஆகாள். ஊறு செய்யாமை இருவர்க்கும் பொதுவான முதல் நோன்பு.

மற்றொரு செய்தியும் கூற வேண்டும். பல சமயத்தாரும் கூடும் வகுப்பில், தொடக்கத்தில் ஓங்காரமோ வேறு மந்திரமோ ஓதுவது உண்டு. ஓத விரும்புவோர் ஓதட்டும். விரும்பாதோர் கண்மூடி அமைதியாக இருக்கட்டும். ஓதாதவரை ஓதுவோர் உற்று நோக்குவதும், ஓதுவோரை ஓதாதவர் எள்ளுவதும் ஒன்றுபோல் தவறு. திருமூலர் இயமத்துள் வைத்த நடுவுநிலைமைக்கு இதனினும் நல்ல சோதனை இல்லை.

விதிகளைப் பற்றிப் பேசிய பின், விதிகளைக் காட்டிலும் பெரியது ஒன்றை நினைவூட்டி முடிப்பது முறையாகும். யோகத்தைக் கெடுக்கும் ஆறனுள், விதிகளை இறுகப் பற்றுதலும் ஒன்றென ஹடயோகப் பிரதீபிகை எண்ணியதை முன்னர்ச் சொன்னேன். இவ்வளவு விதிகளைக் கூறும் நூலே அந்த எச்சரிக்கையையும் தந்திருப்பது வியப்பன்று. அனுபவம் முதிர்ந்தோர் அவ்வாறுதான் சொல்வர். பிந்தி வந்த ஒருவரை நோக்கி நாம் சினத்தோடு தலையைத் திருப்பினால், அவர் உடைத்த அமைதியை நாமும் ஒருமுறை உடைத்தவராவோம். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் ஒருவர் பிந்தியிருக்கலாம். அவசரச் செய்திக்காக மருத்துவர் ஒருவர் கைப்பேசியை அணைக்காமல் வைத்திருக்கலாம். விதி அயலாரைக் காப்பதற்காக ஏற்பட்டது. அயலாரைக் காயப்படுத்தும் கருவியாக அதனை ஆக்கிக்கொள்ளலாகாது.

அந்த அம்மையாருக்கு இப்போது எண்பது வயதாகிறது. விருட்சாசனத்தின்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். நான் ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விடுகிறேன். சுவரோரத்து இடத்தில் அவருடைய பாயை விரித்துவிட்டு, அடுத்த இடத்தில் என் விரிப்பை இடுகிறேன். பையை வாயிலுக்கு வெளியே வைத்துவிடுகிறேன்.